"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களுக்கு



நீண்ட பதிவு. கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறோம். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள். பாதியில் நிறுத்தி ஏச வேண்டாம்.

நாங்கள் நான்கு பேர். எல்லோரும் ஆசிரியர்கள். இரண்டு சேர்மார், இரண்டு டீச்சர்மார். அதில் ஒரு சோடி கணவன் மனைவி. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததில் ஒருவருக்குச் சீனி கூடியது, இன்னொருவருக்குப் பிரஷர் கூடியது. "நடங்க, முடிஞ்சா ஓடுங்க" என்று டொக்டர் சொன்ன பிறகு 2021 கடைசியில் தொடங்கிய ஓட்டம் இது. சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்படுவோம். வீதியில் வாகனம் கூட முன்னர் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

ஓட்டம் என்றால் பெரிய ஓட்டம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, மூச்சு வாங்கும் இடத்தில் நிற்போம். நின்ற இடத்தில் கண்ணில் படுவதைப் பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேட்போம். பிறகு வீட்டுக்கு வந்து புத்தகங்களில் தேடிப் பார்ப்போம். இருபது வருஷமாக பஸ்ஸில் கடந்து போன இடங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

மகாவலி கண்டி நகரை மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஆற்றோடு சேர்ந்து போனால் ஊரையே சுற்றி வந்துவிடலாம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினோம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித்தான் கூட்டிப் போனோம். முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். ஆறு மாதத்தில் முப்பதைத் தாண்டியது.

இரண்டு மாதத்துக்கு முன்னர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வொய்ஸ் கட் வந்தது. நாலு நிமிஷம். அதில் மூன்று குற்றச்சாட்டு. ஒன்று, ஓ.எல். எடுக்கும் பிள்ளைகளின் டியூஷன் நேரம் வீணாகிறது. இரண்டு, பொம்புளப் புள்ளைகள் வீதியில் ஓடுவது சரியில்லை. மூன்றாவதை அவருடைய வார்த்தையிலேயே தருகிறோம்: "அங்க பாக்க என்ன ஈக்கி? எல்லாம் மத்தவங்கட சாமான்."

அடுத்த வாரம் ஒரு கூட்டம். அதற்கு அடுத்த வாரம் ஞாயிறு ஓட்டம் "தற்காலிகமாக" நிறுத்தப்பட்டது. தற்காலிகம் என்றால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்தில் எங்களைப் பேச விட்டது ஐந்து நிமிஷம். மிச்சத்தை இங்கே பேசுகிறோம். முதலில் மூன்றாவது குற்றச்சாட்டை எடுப்போம். எங்களுக்கு வலித்தது அதுதான்.

சகோதரரே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ஆற்றின் போக்கிலேயே சொல்கிறோம். கூடவே வாருங்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் ஆற்றைக் கடக்க ஒரு பாலம் இருக்கிறது. அக்பர் பாலம். பக்கத்தில் அக்பர் விடுதி. "யார் இந்த அக்பர்?" என்று பிள்ளைகளிடம் கேட்டோம். "மொகலாய அரசர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். இல்லை பிள்ளைகளே, அவர் நீதியரசர் எம்.டி. அக்பர். இந்த நாட்டின் மலாய் முஸ்லிம். பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலேயே கட்டிவிட வேண்டும் என்று பலர் நின்ற காலத்தில், அது கண்டிப் பக்கத்தில்தான் அமைய வேண்டும் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர். இன்று உங்கள் மகனோ மகளோ அந்த வளாகத்தில் பொறியியல் படிக்க வேண்டும் என்று இரவு பகலாக துஆ கேட்கிறீர்கள். அந்த வளாகம் அங்கே இருப்பதற்குக் காரணமானவர்களில் ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா?

கொஞ்சம் கீழே பேராதனைப் பாலம். கொழும்பு பஸ் கடக்கும் அந்த இடத்தில் 1833 இல் ஒரு மரப்பாலம் கட்டப்பட்டது. முதிரை மரம். ஆற்றுக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 205 அடியை ஒரே வளைவில் தாண்டி நின்றது. 1905 இல் புதிய பாலம் வரும்வரை எழுபது வருஷத்துக்கு மேல் பாரம் தாங்கியது. எங்களோடு வந்த ஒரு மாணவனின் வாப்பா தச்சு வேலை செய்பவர். மகன் வீட்டில் போய்ச் சொன்னதைக் கேட்டு அடுத்த ஞாயிறு அவரும் வந்துவிட்டார். பாலத்தில் நின்று கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு தூரத்துக்கு மரத்த எப்படி மூட்டினாங்க? பாரம் எங்க போய் இறங்கும்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர். எங்களில் ஒருவர் கணித ஆசிரியர். அவரால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மாணவன் அன்று தன் வாப்பாவைப் பார்த்த பார்வையை நாங்கள் மறக்க மாட்டோம். இதை எந்த டியூஷன் வகுப்பில் வாங்கப் போகிறீர்கள்?

அடுத்தது தாவரவியல் பூங்கா. மூன்று பக்கமும் ஆறு வளைத்து நிற்கும் 147 ஏக்கர். நம்மவர்கள் எல்லோரும் போயிருக்கிறோம், சோற்றுப் பொதி சாப்பிட. 1821 இல் தொடங்கிய பூங்கா அது. இந்த நாட்டுக்குத் தேயிலைச் செடி முதன்முதலாக, 1824 இல், சீனாவில் இருந்து வந்து நடப்பட்டது அங்கேதான். இரண்டாம் உலகப் போரில், 1944 இல், தென்கிழக்காசியப் போர் முழுவதையும் நடத்திய மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் இயங்கியதும் அங்கேதான். பர்மாவில் நடந்த சண்டைக்கு உத்தரவு போனது நாம் பாய் விரித்து புரியாணி சாப்பிடும் புற்றரையின் பக்கத்தில் இருந்து.

அந்தப் போரில் இறந்தவர்கள் எங்கே என்று கேட்டால், அதுவும் பக்கத்தில்தான். தேவெனி ராஜசிங்க மாவத்தையில் போர் மயானம் இருக்கிறது. சுமார் 200 கல்லறைகள். ஆங்கிலேயர் மட்டும் இல்லை. கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்கள், இந்தியர்கள், நம் நாட்டவர்கள். பிள்ளைகள் வரிசை வரிசையாகப் போய்ப் பெயரும் வயதும் வாசித்தார்கள். தரம் ஒன்பது மாணவி ஒருத்தி, "டீச்சர், இவங்க எல்லாம் எங்கட நானாமார் வயசு" என்று சொல்லிவிட்டு அதன் பிறகு வாயே திறக்கவில்லை. போர் என்றால் என்ன என்று நாங்கள் அன்று ஒரு வார்த்தை விளக்க வேண்டி வரவில்லை.

கெட்டம்பே. எசல பெரஹரா முடிந்து நீர் வெட்டும் சடங்கு நடக்கும் ஆற்றுத்துறை. "இது மத்தவங்கட" என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால், சரி, சடங்கு அவர்களுடையது. அதில் நமக்குப் பங்கு இல்லை, நாங்கள் யாரையும் அதில் பங்கெடுக்கச் சொல்லவும் இல்லை. பெரஹரா நாட்களில் வீதி மூடுவதைப் பற்றி மட்டும் ஒவ்வொரு வருஷமும் முறைப்பாடு சொல்கிறோமே, அந்த ஊர்வலம் ஏன் ஆற்றில் வந்து முடிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? கேட்டால் ஈமான் குறைந்துவிடாது. அவர் நம்மிடம் ரமழானைப் பற்றிக் கேட்கும்போது நாம் சந்தோஷப்படுகிறோம் இல்லையா?

இப்போது ஹல்லொலுவ வீதிக்கு வருவோம். இங்கேதான் நாங்கள் தலை குனிந்தோம்.

1882 இல் எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று தோற்ற அஹ்மத் அராபி பாஷா, 1883 ஜனவரியில் தன் தோழர்களோடு கொழும்புக்கு நாடு கடத்தப்பட்டார். 1901 வரை இந்த மண்ணில் இருந்தார். பிற்பகுதியைக் கழித்தது கண்டியில். அவர் பெயரில் ஒரு நினைவில்லம் ஹல்லொலுவ வீதியில் இருக்கிறது. அவர் இங்கே வந்த காலத்தில் நம் சமூகத்தில் நவீன கல்வி பற்றிய பேச்சுத் தொடங்கியிருந்தது. அதைத் தொடங்கியவர் கண்டியின் மகன், சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை. 1838 இல் பிறந்தவர். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தத் தொடங்கியவர். 1885 இல் 'அசன்பேயுடைய கதை' எழுதி, தமிழின் முதல் நாவல்களில் ஒன்றைத் தந்தவர். நாடு இழந்து வந்த பாஷாவும் சித்திலெப்பையும் கை சேர்ந்ததில் இருந்துதான் நம் பாடசாலைகளின் கதை புறப்படுகிறது.

எங்களோடு ஓடிய பிள்ளைகளில் இரண்டு பேரின் வீடு அந்த இடத்தில் இருந்து நடந்து போகும் தூரம். "இது என்ன கட்டடம்?" என்று கேட்டோம். ஒருவன் "ஏதோ ஒபீஸ்" என்றான். மற்றவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாதையோரம் நின்ற ஒரு சிங்களப் பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். பாஷா எந்த நாட்டவர், ஏன் இங்கே கொண்டு வரப்பட்டார், எத்தனை வருஷம் இருந்தார் என்று பதினைந்து நிமிஷம் சிங்களத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். கடைசியில், "உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதனால்தான் எங்களுக்குக் கூடுதலாக வலித்தது.

நம்முடையதையே நமக்கு மற்றவர் சொல்லித் தருகிறார். பிறகு எதை வைத்து "மத்தவங்கட சாமான்" என்கிறோம்?

கட்டுகஸ்தோட்டைக்கு வந்தால், அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் "தோட்டை" சிங்களத்தின் "தொட்ட". துறை என்று அர்த்தம். பாலங்கள் வர முன்னர் கண்டி இராச்சியத்துக்குள் போக வர எல்லோரும் இப்படிப்பட்ட துறைகளில்தான் ஆற்றைக் கடந்தார்கள். அப்படிக் கடந்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. கண்டி அரசில் பொதிமாட்டுத் தவளங்களை நடத்தும் பிரிவுக்கு மடிகே பத்த என்று பெயர். அதில் முஸ்லிம்கள் இருந்தார்கள். உப்பும் பாக்கும் சுமந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு இந்த மலைகளில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்த ஆற்றின் ஒவ்வொரு துறையும் தெரிந்திருக்கும், எந்த மாதத்தில் எங்கே ஆழம் என்று தெரிந்திருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளான நமக்கு த்ரீவீலில் போகும் வழி மட்டும் தெரியும்.

அடுத்தது வட்டபுலுவ. 1803 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்க வந்து தோற்றது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு வருஷத்தை மட்டும் பாடமாக்குகிறார்கள். அந்த வருஷம் ஜூன் மாதம் மேஜர் டேவியின் படை சரணடைந்து திரும்பிப் போகும்போது, வட்டபுலுவவில் ஆறு பெருக்கெடுத்து நின்றது. கடக்க முடியவில்லை. அங்கேயே அந்தப் படையின் கதை முடிந்தது. அந்தப் படையில் மலாய் வீரர்கள் இருந்தார்கள். அவர்களின் கப்டன் நூருத்தீன் மன்னரின் பக்கம் சேர மறுத்ததால் கொல்லப்பட்டார். மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் படையிலும் மலாய் வீரர்கள் இருந்தார்கள். இரண்டு கரையிலும் கலிமா சொன்னவர்கள் நின்றார்கள். யார் நல்லவர், யார் துரோகி என்று பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று வாதாடினார்கள். "கூலிக்குச் சண்டை பிடிச்சவர் எப்படி ஹீரோ ஆவார்?" என்று ஒருவன் கேட்டான். "கொடுத்த வாக்கை உயிர் போனாலும் மீறல்லயே" என்றாள் இன்னொருத்தி. வரலாறு என்ற பாடம் அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு உயிரோடு கிடைத்தது.

அதே வட்டபுலுவவில் இன்னொன்றும் இருக்கிறது. 1950களின் கடைசியில் கட்டப்பட்ட வீடமைப்புத் திட்டம். அதை வரைந்தவர் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா. 1948 இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அந்த வீடுகளைக் கட்ட முன்னர், அங்கே குடிவரப் போகும் அரச ஊழியர் குடும்பங்களிடம் போய், எப்படி வாழ்கிறீர்கள், எப்படிச் சமைக்கிறீர்கள், எத்தனை பேர், என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். பல இனத்தவரும் பல மதத்தவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடம் என்பதை மனதில் வைத்துச் செய்தார். அந்த வீதியில் ஓடிவிட்டு வந்த மாணவி ஒருத்தி இப்போது கட்டடக் கலை படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் எங்களுக்கு நன்றி சொன்னார்கள். கூட்டத்துக்கு மட்டும் அவர்கள் வரவில்லை. பயம். குறை சொல்லவில்லை, விளங்குகிறது.

பிறகு பொல்கொல்ல அணைக்கட்டு. 1976 இல் திறந்தது. நம் ஆற்றுத் தண்ணீரின் ஒரு பகுதி அங்கிருந்து மலைக்குள்ளால் சுமார் எட்டு கிலோமீற்றர் சுரங்கத்தில் போய் உக்குவெலையில் மின்சாரம் தந்துவிட்டு, அம்பன் கங்கையோடு சேர்ந்து உலர்வலயத்துக்குப் போகிறது. வடமத்திய மாகாணத்து வயலுக்குப் பாயும் தண்ணீர், முதலில் நம் வீட்டுக்குப் பின்னால் ஓடிய தண்ணீர். "தண்ணீருக்கு மத்தவன் நம்மவன் இல்ல" என்று அன்று ஒரு சின்னப் பையன் சொன்னான். நாங்கள் சொல்லிக் கொடுத்தது இல்லை.

இவ்வளவும் "மத்தவங்கட சாமான்" என்றால், எங்கே நிற்கும் கல் நம்முடையது?

இனி டியூஷன். ஞாயிறு காலை ஆறேகாலுக்குத் தொடங்கி எட்டு மணிக்குப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுவோம். எந்த டியூஷன் வகுப்பு அதற்கு முன்னர் தொடங்குகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. உண்மை என்னவென்றால், சனியும் ஞாயிறும் அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் இல்லை. கதிரையில் இருந்து கதிரைக்குப் போகிறார்கள். பதினைந்து வயதில் படி ஏறினால் இளைக்கிறது. சீனி வருத்தத்துக்கு நாங்கள் நாற்பதில் மருந்து எடுக்கிறோம். அவர்கள் முப்பதில் எடுப்பார்கள்.

பொம்புளப் புள்ளைகள் ஓடுவது. ஒழுங்கான உடுப்போடு, இரண்டு டீச்சர்மார் கூட இருக்க, பெற்றோர் கையெழுத்து வைத்து அனுப்ப, காலை வெளிச்சத்தில் போகிறார்கள். அதே பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து தனியாக பஸ் ஹோல்ட்டில் நிற்கும்போது ஒருவரும் வொய்ஸ் கட் அனுப்பவில்லை. பரீட்சைக்கென்றால் வீதி பாதுகாப்பானது, ஆரோக்கியத்துக்கென்றால் ஆபத்தானதா? சித்திலெப்பை பெண் பிள்ளைகளின் கல்விக்காகக் குரல் கொடுத்தபோதும் இதே கண்டியில் ஏச்சு வாங்கித்தான் செய்தார். இன்று அவர் பெயரைப் பாடசாலைக்கு வைத்திருக்கிறோம். அவர் செய்த வேலையைத் தொடரத்தான் தைரியம் இல்லை.

இதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் மனதிலும் இருந்தது. 2018 மார்ச்.

திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு. அந்த இரவுகளில் கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எங்களில் ஒருவரும் அப்படித்தான். நாங்கள் கடைசியாக ஓடும் துண்டு தென்னகும்புரப் பாலத்தில் முடிகிறது. அங்கிருந்து போகும் வீதிதான் திகனைக்குப் போகும் வீதி. அந்தப் பாலத்தில் நிற்கும்போது எங்களுக்கும் நெஞ்சு கனக்கிறது. "தேவையில்லாம கண்ணில பட வேணாம்" என்று பெற்றோர் நினைப்பதை நாங்கள் கேலி செய்யவில்லை.

ஆனால் பயந்து ஒதுங்கி என்ன கிடைத்தது? வீடு, பள்ளி, கடை, டியூஷன் என்று நாலு புள்ளிக்குள் நம் பிள்ளைகளின் ஊர் சுருங்கிவிட்டது. "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று யாராவது கேட்டால் அவர்களுக்குக் கோபம் மட்டும்தான் வருகிறது. பதில் வருவதில்லை. ஆத்திரத்தில் பேஸ்புக்கில் நாலு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். இந்தத் துறையில் என் முப்பாட்டன் தவளம் ஓட்டினார், இந்தப் பல்கலைக்கழகம் இங்கே வர எங்கள் நீதியரசர் ஒருவர் வாதாடினார், எங்கள் ஆள் ஒருவர் வாக்குக்காக உயிர் கொடுத்தார் என்று அமைதியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எவரும் அந்நியன் ஆக்க முடியாது. சொல்லத் தெரியாத பிள்ளையைத் தானே அந்நியன் என்று நம்ப வைக்கலாம். அந்த வேலையை வெளியில் இருப்பவர்கள் பாதி செய்கிறார்கள். மீதியை நாம் செய்து கொடுக்கிறோம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இதை வாசித்துவிட்டுச் சிலர் உடனே, "ஆம், நம்முடைய இடங்களுக்கு மட்டும் கூட்டிப் போங்கள்" என்று கிளம்புவார்கள். வேண்டாம். நம் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று மட்டும் தேடி ஓடுபவன், மற்றவர் பெயரை அழிக்கத் தேடுபவனின் பாதி வழிக்கு வந்துவிட்டான். மினெட் டி சில்வாவும் கெட்டம்பேத் துறையும் கிழக்கு ஆபிரிக்க வீரனின் கல்லறையும் நம் ஊரின் சொத்து. அக்பர் பாலம் சிங்களப் பிள்ளையின் சொத்தும்தான். அவனும் தினம் அதில்தான் நடக்கிறான்.

ஓடும்போது பார்த்த இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஆற்றங்கரையில் கிடக்கும் குப்பை. பாலத்தில் நின்று விட்டெறிந்த பைகள், கோழிக் கழிவு, பம்பர்ஸ். ஒரு திங்கட்கிழமை காலை கரையில் வலீமாச் சோற்றுப் பெட்டிகள் குவியலாகக் கிடந்தன. பெட்டிக்கு மேலே மாப்பிள்ளை பெண்ணின் பெயர் பொன் எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்தப் பெயர்களை இங்கே எழுத மாட்டோம். ஆனால் இந்த ஆற்றங்கரையில் நம் பெயர் எழுதிய பொருள் ஒன்றை யாராவது காட்டச் சொன்னால், பாஷாவின் வீட்டுக்கு முன்னர் அந்தப் பெட்டிதான் கண்ணில் படும். தனக்குச் சொந்தமில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் மனிதன் குப்பை போடுவான். "மத்தவங்கட சாமான்" என்ற பேச்சின் அடுத்த கட்டம் அதுதான்.

ஆகவே நாங்கள் கேட்பது நான்கு விஷயம்.

முதலாவது, ஞாயிறு ஓட்டத்தைத் திரும்பத் தொடங்க அனுமதி வேண்டும். "தற்காலிகம்" என்றால் எந்தத் திகதி வரை என்று எழுத்தில் தாருங்கள்.

இரண்டாவது, பெற்றோர் வருஷத்தில் ஒரு ஞாயிறாவது கூட வாருங்கள். அந்தத் தச்சு வேலைக்கார வாப்பா மாதிரி. உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்களை விட உங்களுக்குத் தெரிந்தது நிறைய.

மூன்றாவது, பழைய ஆட்களிடம் இருக்கும் கதைகளை எழுதி வையுங்கள். உங்கள் வாப்பும்மாவுக்குத் தோணியில் ஆறு கடந்த கதை தெரிந்திருந்தால் இன்றே போனில் பதிவு செய்யுங்கள். மையித்து வீட்டில் போய் நின்று "கேட்டிருக்கலாமே" என்று கவலைப்பட வேண்டாம்.

நான்காவது, இந்த இடங்களில் மூன்று மொழியிலும் ஒரு சிறு பலகை வைக்கும்படி உரிய இடங்களுக்குக் கடிதம் கொடுக்கப் போகிறோம். கையெழுத்து வேண்டும். நம்மவர்களின் கையெழுத்து மட்டும் போதாது. ஹல்லொலுவ வீதியில் எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்த அந்தப் பெரியவரைத் தேடிப் போய் முதல் கையெழுத்தை அவரிடம் வாங்கினோம்.

வொய்ஸ் கட் அனுப்பிய சகோதரர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவருடைய மகன் எங்களோடு ஓடியவன்தான். ஓட்டம் நின்ற பிறகு ஒரு நாள் ஸ்கூலில் வந்து மெதுவாகக் கேட்டான்: "சேர், பொல்கொல்லவுக்குப் பொறகு ஆறு எங்க போகுது? அந்தத் துண்டு ஓட முந்தி நிப்பாட்டிட்டாங்களே."

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை ஆறேகால் மணிக்கு நாங்கள் நான்கு பேரும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிற்போம். பாடசாலைப் பெயரில் இல்லை. ஊர்க்காரர்களாக. பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். சகோதரரே, நீங்களும் வாருங்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் இல்லையா? சப்பாத்து இல்லாவிட்டால் பரவாயில்லை. செருப்போடு வாருங்கள், நாங்கள் மெதுவாக நடக்கிறோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். தனிப்பட்ட முறையில் யாரையும் பெயர் சொல்லி ஏச வேண்டாம். பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம்.

வஸ்ஸலாம்.